தண்டவாளம் சேர்ந்தது; டிக்கெட் எப்போது சேரும்?

பத்துமலைக்கு நீங்கள் இரயிலில் போயிருக்கிறீர்களா? தைப்பூசத்துக்குப் போயிருப்பீர்கள். கோலாலம்பூர் பக்கமோ, சிரம்பான் பக்கமோ ஏறி, பால்குடமும் பூமாலையும் வாழைத்தாருமாய் நெரிசலில் நின்றுகொண்டே போய், கதவு திறந்ததும் முருகன் சிலையைப் பார்த்துக் கைகூப்பியிருப்பீர்கள். அண்மைய ஆண்டுகளில் அந்த நாட்களில் கொம்யூட்டர் இரயில் இரவு பகல் பாராமல் ஓடுகிறது.

அது ஆண்டுக்கு ஒரு முறை. மற்ற நாட்களில்? பத்துமலை, செலாயாங், கோம்பாக் சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கும் நம்மவர்களில் எத்தனை பேர் அதே இரயிலில் ஏறி வேலைக்குப் போகிறார்கள்? வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. மகனுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று. மாதத் தவணை, பெட்ரோல், சாலைவரி, மழையில் நனைந்த சட்டை, இரவில் மகன் வந்து சேரும்வரை தூங்காத தாய். இவ்வளவையும் சுமந்துகொண்டு, கூப்பிடு தூரத்தில் ஓடும் இரயிலை ஏன் விட்டுவிடுகிறோம்?

காரணங்கள் பல. இரயில் அடிக்கடி வருவதில்லை என்பது ஒன்று. வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போகப் பஸ் வசதி போதாது என்பது இன்னொன்று. இவை எல்லாரும் பேசுகிற குறைகள். அதிகம் பேசப்படாத ஒரு காரணம் உண்டு. அது டிக்கெட். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கணக்கு வரும், பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டுச் செலவைப் பற்றிய கணக்குத்தான்.

நம்மவர் கைபட்ட பாதை

மலாயாவின் முதல் இரயில் 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட்வெல்ட் வரை ஓடியது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படையே கொண்டுவரப்பட்டது. அடுத்த ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் பாதை போட்டார்கள். அதன்பின் காடு வெட்டவும், மண் சுமக்கவும், கட்டை அடுக்கவும், தண்டவாளம் பழுது பார்க்கவும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தார் நிலைய அதிபர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் வந்தார்கள். செந்தூல் இரயில்வே பணிமனையைச் சுற்றித் தமிழர் குடியிருப்பே உருவாயிற்று. இன்றும் செந்தூலில் தடுக்கி விழுந்தால், தாத்தா இரயில்வேயில் வேலை பார்த்த ஒரு வீட்டு வாசலில்தான் விழ வேண்டும்!

போர்ட்வெல்ட் பாதை இன்று இல்லை. அந்த ஊருக்கும் கோல செப்பத்தாங் என்று பெயர் மாறிவிட்டது. பழைய நிலையத்தின் பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது. அந்தப் பலகையில் தமிழ் எழுத்தும் உண்டு. போகிறவர்கள் பாருங்கள்.

பத்துமலைக் கிளைப்பாதை 1905-ஆம் ஆண்டு வாக்கில் போடப்பட்டது. கோயிலுக்காகப் போட்டதல்ல. மலையடிவாரத்தில் சுண்ணாம்புக்கல் உடைத்தார்கள். அந்தக் கல்லை ஏற்றிவரத்தான் இரயில். ஆனால் கோயில் அதற்கு முன்பே அங்கே இருந்தது. கா. தம்புசாமிப் பிள்ளை முன்னின்று அமைத்த அந்தக் கோயிலில் 1892 முதல் தைப்பூசம் நடந்து வருகிறது.

காலம் மாறியது. சாலைகள் அகன்றன, பஸ்கள் வந்தன. அந்தக் கிளைப்பாதையில் அன்றாடப் பயணிகள் சேவை இல்லாமல் போயிற்று. 1995-ஆம் ஆண்டில் மின்சாரக் கொம்யூட்டர் இரயில் தொடங்கியபோது இந்தப் பக்கத்து வண்டி செந்தூலோடு நின்றுவிட்டது. பத்துமலை வரை இருந்த மீதிப் பாதை புல்லும் புதருமாய்க் கிடந்தது.

பிறகு அரசாங்கம் அதைப் புதுப்பித்தது. ஏறக்குறைய 7 கிலோமீட்டர். இரட்டைத் தண்டவாளம் போட்டு, மின்கம்பி இழுத்து, பத்து கெண்டொன்மென், கம்போங் பத்து, தாமான் வாயு, பத்துமலை என்று நான்கு நிலையங்கள் கட்டி, 2010-ஆம் ஆண்டு ஜூலை மாதம் திறந்தார்கள். போன பாதை திரும்பி வந்தது. நம் நாட்டில் மூடிய பாதைகள் திரும்பி வருவது அபூர்வம். அந்த வகையில் இது பெரிய காரியம். பாராட்ட வேண்டியதுதான்.

கம்போங் பத்துவில் ஒரு வேலி

2022-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடத்தின் முதல் கட்டம் ஓடத் தொடங்கியது. குவாசா டாமன்சாராவிலிருந்து கம்போங் பத்து வரை. 2023 மார்ச்சில் அது நகரத்துக்குள் நுழைந்து புத்ராஜெயா வரை நீண்டது. இப்போது கம்போங் பத்துவில் கொம்யூட்டரும் எம்.ஆர்.டி.யும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

பத்துமலையில் இருக்கும் ஒரு பாட்டி மாதாமாதம் பெரிய ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துமலையில் கொம்யூட்டர் ஏறி, இரண்டாவது நிலையமான கம்போங் பத்துவில் இறங்கி, எம்.ஆர்.டி. ஏறினால், கெண்டொன்மென், ஜாலான் ஈப்போ, செந்தூல் பாராட், தித்திவங்சா தாண்டியதும் கோலாலம்பூர் மருத்துவமனை நிலையம். சாலை நெரிசல் இல்லை, வெயில் இல்லை. இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

ஆனால் கம்போங் பத்துவில் பாட்டி கொம்யூட்டர் கதவில் அட்டையைத் தட்டி வெளியே வர வேண்டும். கொம்யூட்டர் கட்டணம் அங்கே கழிந்துவிடும். நடந்துபோய் எம்.ஆர்.டி. கதவில் மறுபடி தட்ட வேண்டும். அங்கே புதிதாக ஒரு கட்டணம் தொடங்கும். தட்டுகிற அட்டை ஒன்றுதான். ஆனால் அட்டைக்குள்ளே பயணம் இரண்டாக வெட்டப்படுகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை என்பார்களே, அந்தக் கதைதான்.

இரண்டு டிக்கெட் என்றால் என்ன நட்டம்?

"எப்படியும் இரண்டு இரயிலில் போகிறோம், இரண்டு கட்டணம் கொடுப்பது நியாயம்தானே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இரயில் கட்டணத்தில் பொதுவாக இரண்டு பகுதிகள் உண்டு. ஏறியதற்கே ஒரு தொகை. அதற்குமேல் தூரத்துக்குத் தக்க ஒரு தொகை. டாக்சியில் உட்கார்ந்ததுமே மீட்டரில் ஒரு தொகை விழுகிறதல்லவா, அது போல.

எளிதாகப் புரிய, நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். இவை எந்த நிறுவனத்தின் கட்டணமும் அல்ல. ஏறியதற்கு 1 வெள்ளி. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 காசு. நீங்கள் 20 கிலோமீட்டர் போகிறீர்கள். ஒரே டிக்கெட் என்றால் 1 வெள்ளியும் 2 வெள்ளியும் சேர்த்து 3 வெள்ளி. அதே தூரத்தைப் பத்துப் பத்துக் கிலோமீட்டராக இரண்டு நிறுவனங்களில் போனால் 2 வெள்ளியும் 2 வெள்ளியும் சேர்த்து 4 வெள்ளி. தூரம் கூடவில்லை. நேரமோ, மாறி ஏறியதில் கூடத்தான் செய்தது. சிரமப்பட்டவருக்கே 1 வெள்ளி தண்டம்!

ஒரு வெள்ளிதானே என்று விட்டுவிடாதீர்கள். போக வர 2 வெள்ளி. மாதத்தில் 22 நாள் வேலை என்றால் 44 வெள்ளி. வீட்டில் மூன்று பேர் வேலைக்குப் போனால் 132 வெள்ளி. ஒரு குடும்பத்தின் மின்சாரக் கட்டணத்தை அதில் கட்டிவிடலாம். பிள்ளையின் டியூஷன் கட்டணத்துக்கும் உதவும்.

யாருக்கு இந்தத் தண்டம் அதிகம் விழுகிறது என்று பாருங்கள். நகரத்தின் நடுவில் வீடு வாங்க முடிந்தவர் ஒரே இரயிலில் போய்விடுகிறார். தோட்டம் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் லயத்தை விட்டு வெளியேறியவர்கள் எங்கே போனார்கள்? வீடு மலிவாகக் கிடைத்த இடத்துக்கு. ரவாங், பத்தாங்காலி, செலாயாங், கிள்ளான், காப்பார், நீலாய் என்று ஊர் ஓரங்களுக்கு. வேலையோ நகரத்தில். அவர்கள்தாம் இரண்டு மூன்று வண்டி மாறிப் போக வேண்டியவர்கள். ஆக, தூரத்தில் இருப்பவருக்கும் வருமானம் குறைந்தவருக்கும்தான் இந்த இரட்டைக் கட்டணம் போய்ச் சேர்கிறது.

மாதப் பாசிலும் இதே கதைதான். மாதம் 50 வெள்ளிக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வர 'மை50' என்னும் பாஸ் மலேசியக் குடிமக்களுக்குக் கொடுக்கப்பட்டது. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரெயில், ரேப்பிட் பஸ் எல்லாம் அதில் அடக்கம். உழைக்கும் மக்களுக்கு நல்ல உதவி. ஆனால் அதை அறிமுகப்படுத்தியபோது கொம்யூட்டர் அதில் இடம்பெறவில்லை. கொம்யூட்டர் வேறு நிறுவனத்துடையது என்பதே காரணம்.

ஒரே சட்டையின் இரண்டு பைகள்

கொம்யூட்டரை ஓட்டுவது மலாயன் இரயில்வே என்று நாம் இன்னும் பழக்கத்தில் சொல்லும் கே.டி.எம்.பி. எல்.ஆர்.டி.யையும் எம்.ஆர்.டி.யையும் ஓட்டுவது பிரசரானா. இரண்டும் தனியார் கம்பெனிகள் அல்ல. இரண்டுமே நிதியமைச்சின் கீழ் உள்ள அரசாங்க நிறுவனங்கள். ஒரே சட்டையில் தைத்த இரண்டு பைகள். வலப்பைக்குப் போகும் காசா, இடப்பைக்குப் போகும் காசா என்ற தகராறில், காசு கொடுப்பவர் ஏன் இரண்டு முறை கொடுக்க வேண்டும்?

இது தீர்க்க முடியாத தகராறும் அல்ல. நம் நாட்டிலேயே ஒரு முறை தீர்த்திருக்கிறார்கள். நினைவிருக்கிறதா?

1996 டிசம்பரில் ஸ்டார் எல்.ஆர்.டி. அம்பாங்கிலிருந்து ஓடத் தொடங்கியது. அம்பாங்கிற்குப் போன பழைய இரயில்பாதையின் தடத்தில்தான் அதைப் போட்டார்கள். அதுவும் ஒரு வகையில் மீண்டு வந்த பாதையே. 1998-இல் புத்ரா எல்.ஆர்.டி. வந்தது. இரண்டும் மஸ்ஜித் ஜாமேக்கில் சந்தித்தன. ஆனால் கம்பெனிகள் வேறு வேறு. ஒன்றிலிருந்து இறங்கி, டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, அடுத்ததற்கு வேறு டிக்கெட் வாங்க வேண்டும். எத்தனை பேர் அங்கே சில்லறைக்காகக் கைப்பையைத் துழாவியிருப்பார்கள்!

2002-இல் இரண்டையும் அரசாங்கத்தின் பிரசரானா எடுத்துக்கொண்டது. அப்போதும் உடனே வேலி விழவில்லை. 2011 நவம்பர் 28-ஆம் நாள்தான் மஸ்ஜித் ஜாமேக்கில் வெளியே வராமலே மாறி ஏறும் வசதியும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டும் வந்தன. புத்ரா வந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று அந்த நிலையத்தில் மாறி ஏறும் இளைஞர்களுக்கு ஒரு காலத்தில் அங்கே வேலி இருந்தது என்றே தெரியாது. நல்ல சீர்திருத்தத்தின் அடையாளமே அதுதான். வந்த பிறகு இது எப்போதும் இப்படித்தான் இருந்தது போலத் தோன்றும்.

மஸ்ஜித் ஜாமேக்கில் முடிந்தது கம்போங் பத்துவிலும் முடியும். கே.எல். சென்ட்ரல், பண்டார் தாசேக் செலாத்தான், சுபாங் ஜெயா, அப்துல்லா ஹுக்கும், காஜாங், சுங்கைபூலோ என்று கொம்யூட்டரும் மற்ற இரயில்களும் சந்திக்கும் இடங்கள் எல்லாவற்றிலும் முடியும்.

அடுத்த வீட்டில் எப்படி?

சிங்கப்பூரில் உறவினர் உள்ளவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கும் இரயில்களை ஒரே நிறுவனம் ஓட்டவில்லை. வடகிழக்குத் தடத்தையும் டவுன்டவுன் தடத்தையும் எஸ்.பி.எஸ். டிரான்சிட் ஓட்டுகிறது. வடக்கு தெற்குத் தடம், கிழக்கு மேற்குத் தடம், வட்டத் தடம் ஆகியவை எஸ்.எம்.ஆர்.டி. வசம். பஸ்களை ஓட்டுவோர் இன்னும் பலர். ஆனால் பயணிக்கு அது தெரிய வேண்டியதே இல்லை.

1990-இல் இரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பொதுவான அட்டை வந்தது. 2002-இல் அது ஈசி-லிங்க் அட்டையாயிற்று. அப்போதும் வண்டி மாறினால் ஓரளவு கூடுதல் செலவு இருந்தது. 2010 ஜூலையில் அதையும் மாற்றிவிட்டார்கள். மொத்தப் பயணத்தின் தூரத்தைக் கூட்டி ஒரே கட்டணம். இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறை வரை மாறி ஏறினாலும் ஒரே பயணமாகவே கணக்கு. அட்டையில் தொடங்கிய வேலை கட்டணத்தில் முடிய இருபது ஆண்டுகள் பிடித்தன. நாம் அட்டையோடு நின்றுவிட்டோம்.

இந்த யோசனை அதற்கும் பழையது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 1965-ஆம் ஆண்டிலேயே இரயில், பஸ் நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்திக்கொண்டன. ஊரை வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு இவ்வளவு என்று ஒரே டிக்கெட். வசூலான பணத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். பங்குச் சண்டை இருந்தால் அது அவர்கள் அலுவலகத்துக்குள். பயணியிடம் வராது.

எதிர்வாதமும் கேட்போம்

ஒரு பக்கம் மட்டும் பேசுவது முறையல்ல. கே.டி.எம்.பி. தரப்பிலும் நியாயம் உண்டு. எல்.ஆர்.டி. நகரத்துக்குள் ஓடுகிறது. கொம்யூட்டரோ வடக்கே தஞ்சோங் மாலிம் வரை, தெற்கே புலாவ் செபாங் வரை போகிறது. 50 வெள்ளிக்கு மாதம் முழுவதும் அவ்வளவு தூரம் போகலாம் என்றால் செலவு யார் தலையில் விழும்? அரசாங்கம் தலையில். அதாவது நம் வரிப்பணத்தில்.

இதற்கும் வழி இருக்கிறது. ஹாம்பர்க்கில் செய்தது போல வட்டாரம் பிரிக்கலாம். நகர வட்டாரத்துக்கு ஒரு விலை. ரவாங், கிள்ளான், காஜாங் வரை கொஞ்சம் கூட. அதற்கும் அப்பால் இன்னும் கொஞ்சம் கூட. எல்லாம் இலவசம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பயணத்துக்கு ஒரு முறை மட்டும் ஏறு கட்டணம் வாங்குங்கள் என்பதுதான் கோரிக்கை.

"இரயிலே அரை மணிக்கு ஒன்றுதான் வருகிறது, டிக்கெட்டைச் சேர்த்து என்ன பயன்?" என்பது அடுத்த வாதம். இதிலும் உண்மை இருக்கிறது. டிக்கெட் மட்டும் சேர்ந்தால் போதாது. வண்டிகள் அடிக்கடி வர வேண்டும். கொம்யூட்டர் வரும் நேரத்துக்கு நிலைய வாசலில் பஸ் நிற்க வேண்டும். ஆனால் ஒன்றுக்காக மற்றது காத்திருக்கத் தேவையில்லை. புதிய இரயில்பெட்டி வாங்க ஆண்டுக்கணக்கில் ஆகும்; கோடிக்கணக்கில் பணம் வேண்டும். கட்டணக் கணக்கை மாற்ற அவ்வளவு வேண்டியதில்லை. சுலபமானதை முதலில் செய்யலாமே!

போர்ட்டிக்சனுக்கும் இதே பாடம்

சிரம்பான் வாசகர்கள், "பத்துமலைக்குப் பாதை திரும்பியது, எங்கள் போர்ட்டிக்சன் பாதை?" என்று கேட்பது காதில் விழுகிறது. 1891-இல் திறந்த பழம்பெரும் பாதை அது. சுங்கை ஊஜோங் இரயில்வே என்ற தனியார் கம்பெனி போட்டது. ஏறக்குறைய 39 கிலோமீட்டர், வழிநெடுகத் தோட்டங்கள். கடைசிக் காலத்தில் எண்ணெய் வண்டிகள் மட்டும் ஓடி, 2008-இல் அதுவும் நின்றது. மீண்டும் ஓட வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது.

எழட்டும். ஆனால் எந்தப் பாதை திரும்பி வருவதானாலும், தண்டவாளம் போடும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. சிரம்பானில் இறங்கிக் கோலாலம்பூர் வண்டி ஏறுபவருக்கு ஒரே டிக்கெட்டா, இரண்டா? அதை முதலில் முடிவு செய்யாவிட்டால், கோடிகள் செலவழித்த பாதையில் விடுமுறைக் கூட்டம் மட்டும்தான் ஏறும். வேலைக்குப் போகிறவர் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்.

நாம் செய்யக்கூடியது

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நம்மால் என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். முதலில் உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். ஒரு மாதம் இரயிலுக்கும் பஸ்ஸுக்கும் எவ்வளவு, மோட்டார் சைக்கிளுக்குத் தவணையும் பெட்ரோலும் சேர்த்து எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கே எத்தனை முறை தட்டினீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இருக்கிற சலுகையை விடாதீர்கள். அறுபது வயதானவர்களுக்கும் மாணவர்களுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் கட்டணச் சலுகைகள் உண்டு. ஒரு நிறுவனத்தில் பதிந்தது அடுத்ததில் செல்லும் என்று நினைக்காமல், இரண்டிலும் தனித்தனியே விசாரியுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குப் பிள்ளைகள்தாம் இதைச் செய்து கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, எழுதுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும், போக்குவரத்து அமைச்சுக்கும், தரைப் பொதுப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசாங்க முகமைக்கும் எழுதுங்கள். "கட்டணத்தைக் குறையுங்கள்" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். "நான் இந்த நிலையத்தில் ஏறி, இந்த நிலையத்தில் மாறி, இந்த வேலைக்குப் போகிறேன், மாதம் இவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறேன், கொம்யூட்டரையும் பொதுப் பாசில் சேருங்கள்" என்று உங்கள் நோட்டுக் கணக்கோடு எழுதினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆலய நிர்வாகங்களும், குடியிருப்போர் சங்கங்களும், பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் சேர்ந்து அனுப்பினால் இன்னும் நல்லது. ஊர் கூடித்தானே தேர் இழுக்க வேண்டும்?

நம் முன்னோர் இந்த நாட்டின் ஊர்களைத் தண்டவாளத்தால் இணைத்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை வியர்வையும் மலேரியாவும். அந்தப் பாதையில் அவர்கள் பேரப்பிள்ளைகள் ஒரு பயணத்துக்கு ஒரு டிக்கெட் கேட்பது பேராசை அல்ல. கேளுங்கள்.